முத்துப்பேட்டைக் காயலில் படகேற எந்த நேரம் நல்லது?

ஜனவரி 6, கும்பகோணத்து வாசகர்

குடும்பத்தோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் படகில் பார்க்கப் போகிறோம். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம் பார்த்துப் போகச் சொல்கிறார்கள். பாக் நீரிணையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்று படித்திருக்கிறேன். காம்பே வளைகுடாவைப் போல அங்கே பத்து மீட்டர் ஏறப்போவதில்லை. அப்படியிருக்க, எந்த நேரம் போனாலும் ஒன்றுதானே?

ஜனவரி 6, இரவு

ஒன்றல்ல. இந்தக் காயலின் பெரும்பகுதியில் ஓர் ஆள் இறங்கி நின்றால் நீர் இடுப்பளவுதான் இருக்கும்; பல இடங்களில் முழங்கால் அளவுதான். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு சாண் குறைந்தால் ஒருவருக்கும் தெரியாது, முழங்கால் நீரில் ஒரு சாண் குறைந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பார்ப்பதைவிட, அது அங்கிருக்கும் ஆழத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பதே பொருத்தம்.

1994 மார்கழிப் பௌர்ணமிக்கு மறுநாள் நானும் என் சித்தப்பாவும் அவருடைய வத்தையில் கோரையாற்றின் வழியாகக் காயலுக்குப் போயிருந்தோம். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. திரும்பும்போது, மாலை நான்கு மணி வாக்கில், படகு தரை தட்டியது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தேன். தொடைவரை சேறு இழுத்துக்கொண்டது. சித்தப்பா என் தோளைப் பற்றி மேலே தூக்கிவிட்டு, “தண்ணி போயிடுச்சு, வரட்டும், உக்காரு” என்றார். மறுநாள் முற்பகல் வரை அங்கேயே இருந்தோம். ஓதத்தைத் தவறவிட்டவர்கள் என்ன படுவார்கள் என்பதற்கு அந்த இரவு எனக்குப் போதுமான சான்று. ஆகவே ஏற்றத்தின் முற்பாதியில் உள்ளே போய், நீர் இறங்கத் தொடங்கும் முன் ஆற்றுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஜனவரி 7

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் இன்று காலை எட்டு மணிக்கு உச்சம் என்றால் நாளை ஏறத்தாழ எட்டு ஐம்பதுக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் குறைவு.

நாகப்பட்டினத்துக்கென்று வெளியாகும் அட்டவணையை அப்படியே முத்துப்பேட்டைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கோடியக்கரையில் கடற்கரை மேற்கே மடங்குகிறது. நாகப்பட்டினம் வங்கக் கடலைக் கிழக்கு நோக்கிப் பார்க்கிறது, முத்துப்பேட்டை பாக் நீரிணையைத் தெற்கு நோக்கிப் பார்க்கிறது. அதற்கு மேல், காயலின் வாய் குறுகியது. கடலில் ஏறிய நீர் அந்த வாய் வழியே நுழைந்து பரவுவதற்குள் நேரம் பிந்துகிறது, உயரமும் தேய்கிறது.

இன்னொன்றும் மனத்தில் ஓடுகிறது. பழந்தமிழில் இத்தகைய உப்பு நீர்நிலைக்குக் கழி என்று பெயர். படகைத் தள்ள ஊன்றும் கோலுக்கும் அதே பெயர்தான். கழியில் கழி ஊன்றிப் போகிறவனுக்கு ஆழத்தை அளக்க வேறு கருவி தேவையில்லை. சித்தப்பா கழியைப் பிடித்திருந்த கையின் உயரத்தைப் பார்த்தே எந்த வாய்க்காலில் நுழையலாம் என்று சொல்லிவிடுவார்.

ஜனவரி 9

அதிராம்பட்டினத்திலிருந்து எழுதிய வாசகி ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது?” இரண்டு நாள்களாக எனக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு நினைவில்லை. முதல் குறிப்பில் நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். நிலவின் கணக்குப்படி நள்ளிரவுக்கு முன்பே நல்ல ஏற்றம் வந்திருக்க வேண்டும். ஏற்றம் வரவும் செய்தது. படகின் அடியில் நீர் சலசலத்ததும், நான் எழுந்து உட்கார்ந்ததும், படகு ஒருமுறை அசைந்துவிட்டு மறுபடியும் அமர்ந்துகொண்டதும் எனக்கு நினைவிருக்கின்றன. படகை மிதக்கவைக்க அந்த நீர் போதவில்லை. ஓதத்தைத் தவறவிட்டது மட்டும்தான் காரணம் என்றால், நள்ளிரவுக்கு முன்பே நாங்கள் வீடு திரும்பியிருக்க வேண்டும்.

இரவெல்லாம் வாடை அடித்தது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டும் பல் கிட்டியது. கரைப்பக்கம் நரிகள் ஊளையிடுவதும், காற்று ஓங்கும்போது அந்த ஒலி அருகில் வருவதுமாக இருந்தது. சித்தப்பா சொன்ன வாக்கியத்தையும் நான் பாதியாகத்தான் எழுதியிருக்கிறேன். இப்போது அது முழுமையாக நினைவுக்கு வருகிறது: “வாடை தண்ணிய வாரிக்கிட்டுப் போயிடுச்சு.” அவர் ஓதத்தைக் குறை சொல்லவே இல்லை. ஓதம் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருந்த நான், அவர் வாயிலிருந்து வந்த வாடை என்ற சொல்லை உதறிவிட்டு, மீதியை மட்டும் இருபத்தெட்டு ஆண்டுகளாக வைத்திருந்திருக்கிறேன்.

முத்துப்பேட்டைக் கரை தெற்கு பார்த்தது என்று நானேதான் எழுதினேன், ஆனால் அதிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று அப்போது யோசிக்கவில்லை. வடக்கிலிருந்து வரும் வாடை இங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆழமில்லாத அகன்ற நீர்ப்பரப்பின் மேல் காற்று மணிக்கணக்கில் ஒரே திசையில் அடித்தால் நீர் அந்தத் திசைக்கே நகர்ந்து குவியும். ஆழம் குறையக் குறைய இந்தக் குவிப்பு கூடும். அதனால் வாடை காயலை வடிக்கிறது, தெற்கிலிருந்து வரும் சோழகம் நிரப்புகிறது. நிலவு தரும் ஏற்றமே சிறியது என்பதால் காற்று அதை எளிதில் விழுங்கிவிடுகிறது. ஏற்றம் குறைவு என்பதால் நேரம் பார்க்க வேண்டாம் என்று வாசகர் முடிவு செய்தார். ஏற்றம் குறைவு என்பதாலேயே காற்றைப் பார்த்தாக வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

ஜனவரி 9, பின்னிரவு

மேலே எழுதியதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். மறுநாள் விடியலில் வாடை தணிந்தது உண்மை. ஆனால் படகு உடனே மிதந்துவிடவில்லை. காலை ஏற்றம் வந்து, வெயில் சுடத் தொடங்கிய பிறகே மிதந்தது. காற்று ஒதுங்கியதும் ஓதம் ஏறியதும் சேர்ந்துதான் எங்களை விடுவித்தன. ஓதத்தை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம்.

ஜனவரி 10

“சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படகு போகுமா?” என்று கேட்ட தம்பிக்கு: நீங்கள் நினைப்பது பிச்சாவரம். கால் ஊன்றி நிற்கும் வளைந்த வேர்களோடு சுரபுன்னைகள் இரு கரையிலும் நெருங்கி, வாய்க்காலின் மேல் கூரை போட்டிருக்கும் காட்சி, டெல்டாவின் வடக்கு ஓரத்தில், கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையில் உள்ளது. தில்லை மரமும் அங்கே உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடிக்க வேண்டாம் என்று குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெற்கு ஓரத்தில் இருக்கும் முத்துப்பேட்டையில் வெண்கண்டல்தான் ஆட்சி செய்கிறது. அதற்கு வளைந்த வேர் கிடையாது. சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள் உண்டு. நீர் வற்றும்போது அவை காற்றை வாங்கிக்கொள்கின்றன. இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், ஏனென்றால் மரம் தான் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. இரண்டு காடுகளும் அழகுதான். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றையும் பார்த்ததாகக் கொள்ள வேண்டாம்.

ஜனவரி 13

காற்றுகளின் பெயர்களைக் கேட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். இடைத்திசைக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்து வாடைக்கொண்டல், சோழகக்கச்சான் என்பார்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடையும் கொண்டலும், ஆனி ஆடியில் கச்சானும் சோழகமும் மேலோங்கும். சில மைல்களுக்குள் பெயரும் திசையும் சற்று மாறுவதைக் கேட்டிருக்கிறேன், எனவே உங்கள் படகோட்டி எந்தத் திசையைச் சொல்கிறார் என்று கையைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யத்துக்குக் கால்வாய் வழியே படகில் வரலாமா என்றும் ஒருவர் கேட்கிறார். வேதாரண்யம் கால்வாய் கரைக்கு இணையாக ஓடுவது. ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய படகுகள் அதன் வழியே நாகப்பட்டினம் போயின. அந்தப் படகுகளைத் தன் சிறுவயதில் கண்டதாக என் பாட்டி சொல்லியிருக்கிறார். இன்று தூர்ந்தும் செடி மண்டியும் கிடக்கும் நீளங்களைப் பார்த்தால், முழுதும் படகில் வரும் திட்டத்தை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு எடுக்க நடந்து வந்தது இந்த வேதாரண்யத்துக்குத்தான். அந்த உப்பளங்களைப் பார்க்க விரும்பினால் சாலையே போதும்.

ஜனவரி 17

நேற்று மாட்டுப் பொங்கல். சித்தப்பா மகன் தன் வலைக்குப் போனான், நானும் கூடப் போனேன். ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது காப்புக்காடு. தொழில் செய்யும் மீனவர்கள் போவது வேறு, பார்வையாளர் போவது வேறு. நீங்கள் ஜாம்புவானோடையில் வனத்துறையிடம் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் படகில், மிதவைச் சட்டை அணிந்துதான் போக வேண்டும்.

விடியலில் ஆற்றின் மேல் பனி கிடந்தது, காற்றே இல்லை. முகத்துவாரத்துக்கு முன்னால் நீர்நாய்கள் மூன்று, தலையை மட்டும் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முழுகின. அவை வேறு இடத்தில் எழும் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, தம்பி பேசாமல் கரையைக் காட்டினான். சேற்றுச் சரிவில் அவை ஏறிய தடம் ஈரம் காயாமல் இருந்தது. செம்பருந்துகள் எங்கள் வலையைக் குறிவைத்துச் சுற்றின. விரால் அடிப்பான் ஒன்று பட்ட மரத்தின் உச்சியில் மீனோடு உட்கார்ந்திருந்தது.

ஒன்பது மணிக்கு மேல் வாடை எழுந்தது. பத்தரைக்குள், நாங்கள் வந்த வழியின் கிழக்கு ஓரத்தில் சேற்றுத் திட்டு ஒன்று முதுகு காட்டியது. அதன் மேல் எங்கிருந்தோ உள்ளான்கள் வந்து இறங்கின. முதலில் பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. சற்று ஆழமான இடத்தில் நின்றிருந்த பூநாரைக் கூட்டம் நீரைத் தொடர்ந்து தெற்கே நகர்ந்தது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. படகுக்கு ஆகாத வாடை, சேற்றில் அலகு குத்தி உண்ணும் பறவைகளுக்கு விருந்து போடுகிறது. 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரைச் சதுப்பிலும் இதைக் கண்டிருக்கிறேன். நேற்று பறவைகள் நின்ற இடத்தில் இன்று நீர் மாறியிருக்கும், பறவைகளும் மாறியிருக்கும். பைனாகுலரை எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்த பிறகு நான் இங்கே வந்தபோது, மரங்கள் இலையின்றித் தீய்ந்த நிறத்தில் நின்றன. நேற்று அதே வளைவில் பச்சை இருந்தது. எல்லா இடத்திலும் இல்லை. பட்டுப்போன மரங்கள் இன்னும் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றன.

ஜனவரி 18

சொல்வதோடு நிறுத்தாமல் அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு மூங்கிலில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு கீறி, கோரையாற்றுப் படித்துறைக்கு அருகில் நட்டிருக்கிறோம். தம்பி காலை ஏற்றத்தின் உச்சத்தை நாள்தோறும் குறித்து, காற்றின் திசையோடு எனக்கு அனுப்புவான்.

ஜனவரி 22

நேற்று தை அமாவாசை. கோடியக்கரையில் நீராடக் கூட்டம் கூடியிருந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் போனேன். கடல் நன்றாக ஏறியிருந்தது, படியாதவர்கள்கூட அமாவாசை ஓதத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் எங்கள் மூங்கிலில் நேற்றைய உச்சம், அதற்கு இரண்டு நாள் முன்பு இருந்ததைவிட ஒரு கோடு குறைவு. இரவு முழுவதும் வாடை. என் கருத்து நிலைபெற்றது என்று மகிழ்ந்து எழுதுகிறேன்.

ஜனவரி 29

மன்னார்குடியிலிருந்து, பொதுப்பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா எழுதிய மறுப்பு நியாயமானது. ஆற்றுப் படித்துறையில் நட்ட மூங்கில் கடலை மட்டும் அளக்காது, ஆற்றையும் அளக்கும் என்கிறார். கோரையாறு வெண்ணாற்றுப் பிரிவிலிருந்து வருகிறது. மேலே கதவணையில் ஓர் அடைப்பைத் தாழ்த்தினால் கீழே நீர் குறையும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. சம்பா கதிர் முற்றும் இந்த நாள்களில் கடைமடைக்கு வரும் நீர் எப்படியும் சுருங்கும். நான் வாடையின் கணக்கில் எழுதிய ஒரு கோட்டில் ஆற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்த நான்கு நாள் கணக்கைத் தள்ளிவிடுகிறேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் வாடை அடித்தும் காயல் ஏன் நிறைந்திருக்கிறது என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. அந்த மாதங்களில் மழையும் ஆற்று வெள்ளமும் வருகின்றன. சோழமண்டலக் கரையில் கடலின் மட்டமே பங்குனியில் இருப்பதைவிட அப்போது உயர்ந்திருக்கிறது. ஆகவே வாடைக் காலம் என்றாலே வற்றல் காலம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளம் வடிந்த பின், மார்கழி பிற்பகுதியிலும் தையிலும் வீசும் வாடைதான் படகைத் தரை தட்ட வைக்கிறது.

ஜனவரி 30

மூங்கிலைப் பிடுங்கி, ஆற்றை விட்டு விலகி, காட்டுக்குள் மீனவர்கள் வெட்டிய வாய்க்கால் ஒன்றின் வாயில் நட்டுவிட்டோம். இந்த வாய்க்கால்கள் முத்துப்பேட்டைக்கே உரிய ஏற்பாடு. ஏற்றத்தோடு மடவையும் கொடுவாவும் இறாலும் உள்ளே வரும். நீர் திரும்பும்போது வாயில் வலை காத்திருக்கும். அவற்றின் வழியே ஓதநீர் காட்டின் உட்பகுதிக்கும் போய்வருவதால் மரங்களுக்கும் உயிர் கிடைக்கிறது. நீர் தேங்கி உப்பு மிகுந்த திடலில் மரம் வராது. வனத்துறை மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டது இதே காரணத்தால்தான்.

பிப்ரவரி 4

மூன்று நாள் மழை. அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து கிடக்கிறது, எங்கள் வயலும் அதில் அடக்கம். மூங்கிலின் கோடுகள் மழைநீரில் மூழ்கியிருப்பதாகத் தம்பி சொன்னான். இந்த வாரக் கணக்கு உதவாது. எழுதவும் மனமில்லை.

பிப்ரவரி 7

கும்பகோணத்து வாசகர் பௌர்ணமிக்குப் போய்விட்டு வந்ததாக எழுதியிருக்கிறார். மழை வெள்ளத்தால் நீர் நிறைய இருந்ததாம், எங்கும் தரை தட்டவில்லையாம். குழந்தைகள் சேற்றில் தாவும் மீனையும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளையும் விட்டு வர மறுத்தார்களாம். “நீங்கள் இவ்வளவு பயமுறுத்தியிருக்க வேண்டாம்” என்கிறார். நல்லபடியாகத் திரும்பியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அவரைக் காத்தது மழை. மழையில்லாத தையில் அதே பௌர்ணமிக்கு, வாடை இரண்டு நாள் விடாமல் அடித்த பின், பிற்பகலில் போனால் அவர் வேறு விதமாக எழுதியிருப்பார்.

பிப்ரவரி 15

மழைநீர் வடிந்துவிட்டது. வாய்க்கால் வாயில் நட்ட மூங்கிலில் கிடைத்த ஐந்து நாள் கணக்கை மட்டும் தருகிறேன். 10, 11 தேதிகளில் வாடை. காலை உச்சம் எட்டாவது கோடு, பிறகு ஏழாவது. 12-இல் காற்று அடங்கியது, எட்டரை. 13 அஷ்டமி, நிலவின் கணக்குப்படி ஏற்றம் மிகச் சிறியதாக இருக்க வேண்டிய நாள், முந்திய பிற்பகலிலிருந்து தெற்குக் காற்று, பத்தாவது கோடு. நேற்று அதே காற்று; பத்தரை. ஐந்து நாளை வைத்து யாருக்கும் எதையும் நிறுவ முடியாது என்பதை மன்னார்குடி ஐயா சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏழாவது கோட்டுக்கும் பத்தரைக்கும் இடையே உள்ளது 17 செ.மீ.க்கு மேல். ஏறத்தாழ முக்கால் சாண். சித்தப்பாவின் வத்தை அன்று மிதக்க இன்னும் அவ்வளவு நீர்தான் தேவைப்பட்டிருக்கும்.

அவருக்கு இப்போது எழுபத்தாறு வயது, காது மந்தம். நேற்று மாலை இந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூங்கிலை எந்த வாய்க்காலில் நட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அங்கே அடியில் சிப்பிப் படுகை இருக்கிறது, கால் வைக்கும்போது பார்த்து வைக்கச் சொல் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். ஆடியில் கச்சான் அடிக்கும்போது மூங்கில் இன்னும் நின்றிருந்தால் மறுபடி எழுதுகிறேன்.